கையால் மாட்டைப் பார்த்தவர்: ரோஸா போனர்



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து ஒரு கட்டுரை கேட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றியும் பைனல் இயர் டூரைப் பற்றியும் போன மலரிலேயே எழுதித் தீர்த்துவிட்டோம். இந்தத் தடவை நம்ம காலேஜில் படிக்காத ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. படிக்கவில்லை என்றாலும் அவர் நம்ம ஜாதிதான். அனாடமி ஹாலில் கத்தி பிடித்தவர். மாட்டின் உடம்பைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர். ஆனால் ஊசி போட்டவர் இல்லை. சிற்பி, ஓவியர். பெயர் ரோஸா போனர். பிரான்ஸ் தேசத்துப் பெண்மணி. இறந்து 120 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர் எனக்கு அறிமுகமானது தற்செயலாகத்தான். ரிட்டயர் ஆன பிறகு அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு மணி நேரத்தில் முழங்கால் மக்கர் பண்ணியது. உட்கார இடம் தேடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு படம். 8 அடி உயரம், 16 அடிக்கு மேல் நீளம். பாரிஸ் நகரத்துக் குதிரைச் சந்தை. என் கண் தானாகவே ஒவ்வொரு குதிரையின் காலையும் பார்க்க ஆரம்பித்தது. எது நொண்டுகிறது, எந்த முட்டு வீங்கியிருக்கிறது என்று. இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. தோலுக்கு அடியில் எந்தத் தசை எங்கே ஆரம்பித்து எங்கே முடியவேண்டுமோ, அங்கேதான் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். லைப்ரரியிலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்து கொடுத்தாள். படிக்கப் படிக்கத்தான் விஷயம் புரிந்தது. இந்த அம்மாள் பிரான்சின் அல்ஃபோர் வெட்டரினரி காலேஜில் பிராணிகளை அறுத்துப் பார்த்துப் பாடம் படித்தவர்! உலகத்தின் முதல் வெட்டரினரி காலேஜ் 1761ல் லியோன் நகரத்தில் ஆரம்பித்தது, அதற்குச் சில வருஷம் கழித்து வந்தது அல்ஃபோர் என்று முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே அல்ஃபோர்தான்.

ரோஸா போனர் பிறந்தது 1822 மார்ச் 16ஆம் தேதி, போர்டோ நகரத்தில். அப்பா ரேமோன் ஓவியர், டிராயிங் வாத்தியார். அம்மா சோஃபி பியானோ சொல்லிக்கொடுப்பவர். ரோஸாவுக்குப் பின்னால் ஒகுஸ்ட், இசிதோர் என்று இரண்டு தம்பிகள், ஜூலியெட் என்று ஒரு தங்கை. ரோஸாவுக்கு எழுத்துப் படிப்பு ஏறவில்லை. அம்மா ஒரு யுக்தி செய்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த எழுத்தில் ஆரம்பிக்கும் ஒரு பிராணியை வரையச் சொன்னார். குழந்தை படம் வரைந்துகொண்டே படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நம்ம ஊரில் அ-வுக்கு அணில், ஆ-வுக்கு ஆடு என்று சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே குழந்தையையே வரைய வைத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

1829ல் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா நல்ல மனுஷர், ஆனால் குடும்பத்தைக் கவனிக்கவில்லை. செயின்ட் சிமோனியர்கள் என்று ஒரு இயக்கம், ஆணும் பெண்ணும் சமம் என்று பேசிய இயக்கம், அதில் சேர்ந்து அவர்களோடேயே போய்விட்டார். வீட்டில் நாலு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அம்மா ராப்பகலாக உழைத்தார். 1833ல் செத்துப்போனார். ரோஸாவுக்கு அப்போது வயசு 11. தனிக் கல்லறைக்குக் காசில்லாமல் ஏழைகளைப் புதைக்கும் பொதுக்குழியில் புதைத்தார்கள். சமத்துவம் பேசிய அப்பாவிடம்தான் ரோஸா தூரிகை பிடிக்கக் கற்றார். அந்தச் சமத்துவத்தின் விலையை அம்மா கொடுத்ததையும் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடங்கள் அவரை வைத்துக்கொள்ளவில்லை. தையல் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள், அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அப்பாவே பாடம் எடுத்தார். பிறகு லூவர் மியூசியத்தில் போய் உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். ஹாலந்து தேசத்தில் மாடுகளை வரைந்தே பெயர் வாங்கிய பௌலுஸ் பாட்டரின் படங்களையும் அப்படிக் காப்பி செய்தார்.

ஆனால் காப்பி அடித்தது போதும் என்று சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட்டார். இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நம்ம அனாடமி ரெகார்டு ஞாபகம் இருக்கா? ஸ்காபுலா எலும்பை எத்தனை பேர் எலும்பைப் பார்த்து வரைந்தோம்? சீனியர் ரெகார்டை வாங்கி, கண்ணாடி மேல் வைத்து, கீழே டார்ச் அடித்து அப்படியே இழுத்தவன் நான். ரத்தக்குழாய்க்குச் சிவப்புப் பென்சில், நீலப் பென்சில். நல்ல மார்க். கையெழுத்தும் ஆச்சு.

ரோஸா என்ன செய்தார் தெரியுமா? பாரிஸ் கசாப்புக்கூடங்களுக்குப் போனார். 20 வயசுகூட நிரம்பாத பெண், ரத்தமும் சகதியுமாகக் கிடக்கும் இடத்தில், வாயில் வந்ததைப் பேசும் ஆட்களுக்கு நடுவில், நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றார். தோல் உரிக்கும்போது எது முதலில் தெரிகிறது, அதற்குக் கீழே எது என்று பார்த்து வரைந்தார். மீட் இன்ஸ்பெக்‌ஷன் வகுப்புக்காகக் கசாப்புக்கூடத்துக்குப் போனபோது நாம் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வாசல் பக்கமே நின்றதை நினைத்துப் பாருங்கள். அல்ஃபோரில் கத்தி பிடித்து அறுத்துப் பார்த்ததும் இந்தக் காலத்தில்தான். வீட்டிலோ ஆறாவது மாடியில் ஒரு செம்மறி ஆட்டை வளர்த்தார். அதைத் தம்பிகள் தினமும் கீழே தூக்கிக்கொண்டு போய்ப் புல் மேயவிட்டு, திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இதெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றது. அதற்கு மேலே ஒரு படி போனார். களிமண்ணை எடுத்தார். காளை, பசு, செம்மறி என்று மண்ணிலும் மெழுகிலும் பிசைந்து உருவம் செய்தார். காகிதத்தில் மாட்டின் ஒரு பக்கத்தை வரைந்துவிட்டால் வேலை முடிந்தது. மண்ணில் அப்படி ஏமாற்ற முடியாது. இந்தப் பக்கம் விலா உப்பினால் அந்தப் பக்கம் இடுப்பெலும்பு எங்கே போகிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்தாகணும். தெரியாவிட்டால் உருவம் சாய்ந்து விழும். 1841ல் பாரிசின் அரசாங்கக் கலைக் கண்காட்சியான சலோனில் அவருடைய படங்கள் முதன்முதலாக இடம் பெற்றன. அடுத்த சில வருஷங்களில் ஓவியங்களோடு சிற்பங்களையும் அங்கே வைத்தார்.

சிற்பி என்று அவருக்குப் பெரிய பெயர் வந்திருக்கும். ஆனால் தம்பி இசிதோரும் அதே துறைக்கு வந்தார். அக்காவின் பெயர் தம்பியை மறைத்துவிடக்கூடாது என்று ரோஸா சிற்பத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓவியத்தோடு நின்றுகொண்டார் என்பார்கள். குடும்பத்துக்காக அக்காக்கள் விட்டுக்கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான் போல. வெண்கலத்தில் வார்த்த அவருடைய சின்னச் சின்னக் காளைகளும் ஆடுகளும் கொஞ்சம்தான். தங்கை ஜூலியெட்டைக் கட்டிக்கொண்ட பெய்ரோல் வெண்கல வார்ப்புத் தொழில் செய்தவர், அவர் வார்த்துக் கொடுத்தவை அவை. கையில் எடுத்துத் தடவிப் பார்க்கிற அளவுதான் இருக்கும்.

சிற்பத்தை விட்டாலும் சிற்பியின் கை அவரை விடவில்லை. அதற்குச் சாட்சி 1849ல் வந்த ‘நிவெர்னேயில் உழவு’ என்ற ஓவியம். 1848 சலோனில் மாட்டுப் படத்துக்காகத் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தார். உடனே பிரான்ஸ் அரசாங்கம் 3,000 பிராங்க் கொடுத்து உழவுக் காட்சி ஒன்று வரையச் சொன்னது. ரோஸா நிவெர்னே பகுதிக்கே போய்த் தங்கி, மாடுகள், கலப்பை, நுகத்தடி, மண், வானம் என்று தனித்தனியாக ஸ்கெட்ச் எடுத்தார். படத்தில் 12 எருதுகள். ஆறு ஆறாக இரண்டு ஏர். வெள்ளையும் செம்பழுப்புமாகக் கனத்த உடம்பு. நம்ம மாடு மாதிரி திமில் இல்லாத ஐரோப்பிய மாடுகள். இடமிருந்து வலமாக வரிசையாகப் போகின்றன. கோயில் சுவரில் புடைப்புச் சிற்பமாக யானை வரிசை, குதிரை வரிசை பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சதை புடைத்துக்கொண்டு நிற்கின்றன. உழுகிறவர்கள் சின்னதாகத்தான் தெரிகிறார்கள், முகம்கூடச் சரியாகத் தெரியாது. கதாநாயகர்கள் எருதுகள்தான். வாயில் ஒழுகும் எச்சிலைக்கூட விடவில்லை. நடுவில் ஒரு எருது நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தக் கண்ணை நான் நிறையத் தொழுவங்களில் பார்த்திருக்கிறேன். இந்தப் படம் இப்போது பாரிசில் ஓர்சே மியூசியத்தில் இருக்கிறது.

அதே 1849ல் அப்பா இறந்தார். பெண்களுக்கான இலவச ஓவியப் பள்ளி ஒன்றை அவர் நடத்தி வந்தார். அந்தப் பொறுப்பை ரோஸா ஏற்றுக்கொண்டார். அடுத்து எடுத்த வேலைதான் நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த குதிரைச் சந்தை. ஒன்றரை வருஷம், வாரத்துக்கு இரண்டு தடவை, பாரிஸ் குதிரைச் சந்தைக்குப் போய் வரைந்தார். பாவாடை கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியுமா? அதனால் பேண்ட் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் போலீசிடம் பர்மிஷன் வாங்கவேண்டும்! பாரிசில் பெண்கள் ஆண் உடை போடக்கூடாது என்று 1800லேயே ஒரு உத்தரவு. டாக்டர் சர்டிபிகேட்டோடு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவேண்டும். அந்த உத்தரவு செல்லாது என்று பிரான்ஸ் அரசாங்கம் முறைப்படி அறிவித்தது 2013ல்தான்.

ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலின் புடைப்புச் சிற்பத்தில் குதிரை ஊர்வலம் உண்டு. அதை மனசில் வைத்துத்தான் குதிரைச் சந்தையைத் தீட்டினார். ஆக இங்கேயும் சிற்பம்தான் அடிப்படை. 1853 சலோனில் அந்தப் படம் வந்ததும் அவர் புகழ் எங்கேயோ போய்விட்டது. எர்னெஸ்ட் கம்பார் என்ற லண்டன் வியாபாரி 40,000 பிராங்குக்கு வாங்கினார். இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி அரண்மனைக்கு வரவழைத்துப் பார்த்தார். கைமாறிக் கைமாறி 1887ல் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் அதை வாங்கி மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். 1856ல் ஸ்காட்லாந்து போய், அந்த மலைநாட்டின் முடி தொங்கும் மாடுகளை நோட்டு நோட்டாக வரைந்து வந்தார்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியே ஆகணும். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். கிராமத்து டிஸ்பென்சரி. ஒரு பாட்டி பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு நாளாகத் தீனி எடுக்கவில்லை, பால் வற்றிவிட்டது. அன்றைக்குக் கூட்டம், வெயில் வேறு. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேசையிலிருந்தபடியே பார்த்தேன். அஜீரணம் என்று முடிவு செய்து பொடி எழுதிக் கொடுத்தேன். பாட்டி போகவில்லை. மாட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தவன் யார், நீயா நானா என்கிற திமிர். ஒரு வாரத்தில் பசு செத்தது. போஸ்ட்மார்ட்டம் செய்தது நான்தான். இரண்டாவது வயிற்றைக் குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் ஒரு கம்பி. முதுகைக் கிள்ளிப் பார்த்திருந்தால் போதும். நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும், வலி உள்ள மாடு தாழ்த்தாமல் முனகும். பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவன் நான். இரண்டு விரல் வேலை. செய்யவில்லை. ஆபரேஷன் செய்து பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் தொட்டிருக்கலாம்.

ரோஸாவின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தப் பாட்டிதான் கண் முன்னால் வந்தார். ஒரு படம் வரைவதற்காக ஒரு பெண் அத்தனை மாட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். உயிரைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கிய நான் ஒரு மாட்டைத் தொடவில்லை. கண் நமக்குத் தெரிந்ததைத்தான் பார்க்கும். தெரியாததைக் கைதான் கண்டுபிடிக்கும். ரோஸா போனர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கையில் காசு சேர்ந்ததும் ஃபோன்டென்புளோ காட்டுக்குப் பக்கத்தில் தொமெரி கிராமத்தில் ஒரு பழைய மாளிகையை வாங்கினார். 1860லிருந்து கடைசி வரைக்கும் அங்கேதான். சின்ன வயசுத் தோழி நதாலி மிகாஸ் கூடவே இருந்தார். ஆடு, மாடு, குதிரை, மான் எல்லாம் வளர்த்தார். சிங்கம்கூட இருந்தது. அதையும் பக்கத்தில் போய்த்தான் வரைந்தார். 1865ல் யூஜெனி மகாராணி நேரிலேயே வந்து பிரான்சின் லெஜியன் ஆஃப் ஆனர் விருதை அவர் சட்டையில் குத்தினார். அந்த விருது பெற்ற முதல் பெண் ஓவியர் அவர்தான். 1889ல் நதாலி இறந்தது பெரிய இடி. கடைசி நாட்களில் ஆன்னா க்ளம்ப்கே என்ற அமெரிக்க ஓவியர் வந்து துணையாக இருந்து, அவர் வாழ்க்கையை எழுதியும் வைத்தார். 1899 மே 25ஆம் தேதி ரோஸா காலமானார். பாரிசின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் நதாலிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வருஷம் பாரிசில் அவருடைய சரக்கை ஏலம் விட்டார்கள். 2,000க்கும் மேற்பட்ட உருப்படிகள். உயிரோடு இருந்தவரை தன் ஸ்கெட்ச்சுகளை அவர் அவ்வளவாக விற்றதில்லை. மாட்டுத் தலை, குளம்பு, நுகத்தடி பூட்டிய கழுத்து, படுத்து அசை போடும் பசு என்று அறுபது வருஷ உழைப்பு அப்போதுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது.

1901ல் ஃபோன்டென்புளோ நகரத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். செலவு கம்பாருடையது. உச்சியில் வைத்தது ரோஸாவின் உருவத்தை அல்ல, ஒரு வெண்கலக் காளையை. அவர் சின்னதாகச் செய்த காளையையே பெரிதாக்கி வார்த்தது. பீடத்தைச் சுற்றி அவர் ஓவியங்கள் வெண்கலப் புடைப்புச் சிற்பங்களாக இருந்தன. தம்பிக்காகச் சிற்பத்தை விட்டுக்கொடுத்தவருக்குக் கடைசியில் ஊர் வைத்த ஞாபகம் அவர் சிற்பம்தான். ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தபோது உலோகத்துக்காக அதை உருக்கிவிட்டார்கள்.

அவர் பெயரும் ரொம்ப நாள் அந்தக் காளை மாதிரியேதான் காணாமல் போயிருந்தது. புது மோஸ்தர் ஓவியங்கள் வந்ததும், மாடு வரைந்த அம்மாள்தானே என்று ஒதுக்கிவிட்டார்கள். 2017ல் தொமெரி மாளிகை கைமாறி, மியூசியமாகத் திறந்தது. பரணில் அவர் வரைந்த படங்களும் ஸ்கெட்ச்சுகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. 2022ல் அவருடைய 200ஆவது பிறந்த வருஷத்துக்குப் போர்டோவிலும் ஓர்சேயிலும் பெரிய கண்காட்சி வைத்தார்கள். பெரிய காளையை உருக்கிவிட்டார்கள். சின்ன வெண்கலக் காளைகளும் காகிதத்தில் போட்ட மாடுகளும் தங்கிவிட்டன.

நண்பர்களே, மலரைப் பார்த்து நம்மில் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடப் போகிறோம். கண் மங்கிவிட்டது, கை இன்னும் இருக்கிறது. சந்திப்பு அன்றைக்கு குரூப் போட்டோ எடுத்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். அனாடமி மியூசியத்துக்குப் போவோம். மாட்டு எலும்புக்கூடு இன்னும் அங்கேதான் இருக்கும். அந்த ஸ்காபுலாவை நான் இந்தத் தடவையாவது தொட்டுப் பார்க்கணும். வருகிறவர்கள் கூட வாருங்கள்.